அத்தானும் காண்ட்ராக்டர் காக்காயும்

என் அக்காவின் கணவர் லைன்மேன். மின்சார அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகக் கம்பம் ஏறுகிறவர். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "எழுது, வேணாங்கல. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதணும். நீ பாட்டுக்கு உன் இஷ்டத்துக்கு நாலு சேத்துப் போட்டேன்னா நான் மறுப்பு எழுதிக் குடுப்பேன்" என்றார். கொடுக்கக்கூடிய ஆள்தான். அதனால் சேர்த்துப் போடாமல் எழுதுகிறேன். அவர் விஷயத்தில் சேர்த்துப் போட வேண்டிய அவசியமும் எனக்கு வந்ததில்லை.

நானும் அதே அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். புகார்ப் பிரிவில் போன் எடுப்பது என் வேலை. வீடும் ஒன்றுதான். கீழே அக்காவும் அத்தானும், மாடியில் ஒற்றை அறையில் நான். பகலெல்லாம் அத்தானைப் பற்றி ஊர் சொல்லும் புகார்களைக் கேட்பேன், சாயங்காலம் ஊரைப் பற்றி அத்தான் சொல்லும் புகார்களைக் கேட்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே தப்பித்தேன்!

அத்தானுக்குக் கையெழுத்து சரியாக வராது. அவர் எழுதிய அறிக்கையை அவரிடமே திருப்பிக் கொடுத்தால், தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்து கொடுப்பேன். சொல்லும்போது எழுந்து நின்றுகொள்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். "மேற்படி கம்பத்தில், மேற்படி தேதியில், மேற்படி மின்தடையானது" என்று ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் காலையில் அக்காவிடம், "மேற்படி சீப்பு வச்ச இடத்துல இல்ல" என்றார். "மேற்படி தலையில முடி இருந்தாத்தானே சீப்பைத் தேடணும்?" என்றாள் அக்கா. அவர் தலையைத் தடவிக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார்.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. எதைப் பார்த்தாலும் எண் போட்டுவிடுவார். மின்கம்பங்களில் எண் அடித்து மாட்டுவார்களே, மெல்லிய அலுமினியத் தகடு, அதை அளவாக வெட்டி, எண்ணை உளியால் அடித்து, ஓட்டை போட்டு, வீட்டில் இருக்கும் சாமான்களிலெல்லாம் கட்டித் தொங்கவிடுவார். எங்கள் வீட்டில் சாவிகளுக்கு எண் உண்டு. குடைகளுக்கு எண் உண்டு. பின்புறம் இருக்கும் இரண்டு வாளிகளுக்கும் எண் உண்டு. ஒன்றாம் வாளி, இரண்டாம் வாளி. மாற்றி எடுத்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அக்காவின் கழுத்தில் மட்டும் இன்னும் தகடு கட்டவில்லை. கட்டியிருப்பார், அக்காவிடம் பயம்.

இனி காக்காய் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு வாதாம் மரம் இருக்கிறது. அதில் ஒரு காக்காய் ஜோடி. மற்றப் பறவைகள் சுள்ளி பொறுக்கும், நார் பொறுக்கும். இந்த ஜோடிக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். கொடியில் தொங்கிய கம்பி ஹேங்கர்கள் நான்கு போயின. என் கொண்டை ஊசிகள் போயின. வாளியின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றுவதற்கு ஒரு மத்தியானம் முழுக்க இரண்டும் மாறி மாறிப் பாடுபட்டன. அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவுவதற்குள் கண்ணாடி மரத்தில் இருந்தது. ஆண் காக்காய்க்கு அக்காதான் காண்ட்ராக்டர் என்று பேர் வைத்தாள். "எந்நேரமும் கம்பியைத் தூக்கிக்கிட்டு அலையுது, கட்டி முடிச்ச பாடில்ல, வேறென்ன பேர் வைக்கிறது?" என்றாள். பெண் காக்காய்க்குத் தனிப் பேர் இல்லை. காண்ட்ராக்டர் சம்சாரம்தான்.

இந்த இரண்டுக்கும் அத்தான் தினமும் காலையில் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போடுவார். கேட்டால், "நான் எங்க போட்டேன்? கீழ விழுந்துச்சு, அதுங்க தின்னுது" என்பார். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நான்கு துண்டு கீழே விழும். ஊரில் இருக்கிற கம்பத்திலெல்லாம் ஏறிக் காக்காய்க் கூட்டைக் கலைப்பது இவருடைய உத்தியோகம். கம்பியால் கட்டிய கூடு மின்கம்பியில் பட்டால் ஒரு தெருவே இருட்டாகிவிடும். அதனால் கலைத்துத்தான் ஆக வேண்டும். ஆபீசில் கூடு கலைப்பு, வீட்டில் விருந்து உபசாரம். "உங்க அத்தான் ரெண்டு பக்கமும் சம்பாதிக்கிறார்" என்பாள் அக்கா.

எங்கள் தெருக்கோடியில் ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. ஜன்னல் கம்பி, கேட், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் செய்வார்கள். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பட்டறைக்காரரும் அத்தானும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் எங்கள் வீட்டு கேட். பட்டறைக்காரர் செய்து மாட்டியதுதான். மாட்டிய அன்றே அத்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து, அரை இன்ச் குறைகிறது என்றார். பட்டறைக்காரர், கேட் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் சுவர்தான் கோணல் என்றார். சுவர் அத்தான் நின்று கட்டிய சுவர். அத்தோடு பேச்சு நின்றது. கேட்டைப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரியென்றுதான் எனக்குத் தோன்றும். அதைச் சொன்னால் சோறு கிடைக்காது.

இந்த நிலையில்தான், பட்டறைக்கு எதிரே இருக்கும் டிரான்ஸ்பார்மரில் ஒரு கூடு முளைத்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படாரென்று வெடித்து நான்கு தெருவில் மின்சாரம் போயிற்று. எனக்கு அரை மணி நேரத்தில் நாற்பது போன். பல் டாக்டர் கூப்பிட்டு, "ஒருத்தர் வாயத் தொறந்தபடியே உக்காந்திருக்கார், நான் என்ன பண்ண?" என்றார். முடிவெட்டுகிறவர் கூப்பிட்டு, பாதி மெஷின் ஓடிய தலையோடு ஒருவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பதாகச் சொன்னார்.

அத்தான் லைனை நிறுத்தி ஏறினார். கூட்டைக் கோணியில் எடுத்துவந்து தெருவிலேயே கொட்டி எண்ணினார். அவர் எதையும் சத்தம் போட்டுத்தான் எண்ணுவார். அறுபத்து மூன்று துண்டு. எல்லாம் கட்டுக்கம்பியும் மெல்லிய இரும்புக் கம்பியும். அத்தான் நிமிர்ந்து பட்டறையைப் பார்த்தார். பட்டறை வாசலில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. வேறு சாட்சி எதற்கு?

இதில் இன்னொரு விஷயம் கலந்திருந்தது. அத்தான் பெயர் அப்போது ஃபோர்மேன் பதவிக்கான பட்டியலில் இருந்தது. ஃபோர்மேன் ஆனால் கம்பம் ஏற வேண்டாம். கீழே நின்று, ஏறுகிறவர்களை அதட்டினால் போதும். அத்தானுக்கு ஐம்பத்து நான்கு வயது. முழங்கால் இரண்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்திருந்தன. அந்தப் பதவி கிடைக்குமா என்று அக்கா ஒரு வருஷமாக அவரைவிட அதிகமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். அறிக்கையைப் பிரமாதமாகக் கொடுத்தால் இன்ஜினியர் மனதில் நிற்கும் என்று அத்தான் கணக்குப் போட்டார்.

எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, மூன்று பக்கத்துக்குச் சொன்னார். நான் அடித்தேன். "மேற்படி பட்டறையின் அலட்சியமே மேற்படி மின்தடைக்கு முழு முதற்காரணம்" என்று முடித்தார். முழுவும் முதலும் எதற்கு, ஒன்று போதாதா என்றேன். போதாது என்றார்.

அத்தோடு விட்டாரா? கூட்டை ஆபீசில் வைத்தால் யாராவது பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆபீஸ் சாமானை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அந்த விதியை ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான். பின்புறத்தில் துவைக்கிற கல் மேல் கூட்டைப் பரப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அலுமினியத் தகட்டை வெட்டி, 1, 2, 3 என்று எண் அடித்து, தகட்டுக்குத் தகடு "தடயம்" என்பதற்கு 'த' என்ற எழுத்தையும் அடித்து, முக்கியமான இருபது துண்டுகளில் கட்டினார். வெயிலில் எல்லாம் பளபளவென்று மின்னின. வாதாம் மரத்துக் கிளையில் உட்கார்ந்து காண்ட்ராக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் மூளை மழுங்கியிருந்தது.

இன்ஜினியர் பட்டறைக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அதில் இருந்தது. பட்டறைக்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசில் என் ஜன்னலுக்கு வந்தார். பெரிய உருவம். கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அம்மா, கரண்ட் இல்லாம வெல்டிங் எப்படி வைக்கிறது? ஆறு குடும்பம் இருக்கும்மா. காக்கா செய்யறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"வெட்டுன துண்டையெல்லாம் வெளியில போடாதீங்க. மூடி வையுங்க" என்றேன். எனக்கும் வேறு சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பட்டறை வாசல் சுத்தமாகியிருந்தது. இரும்பு டிரம் ஒன்று, அதற்கு மூடி, மூடிக்குத் தாழ்ப்பாள். போகும்போதும் வரும்போதும் பார்த்தேன், ஒரு துண்டுக் கம்பி வெளியில் இல்லை. அத்தானும் பார்த்தார். "பயம் இருக்கட்டும்" என்றார்.

பத்து நாள் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் படார். அதே டிரான்ஸ்பார்மர். இந்தத் தடவை ஐம்பது போன். பல் டாக்டர் பேசவே இல்லை, பெருமூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிட்டார். இன்ஜினியர் தாமே ஜீப்பில் போய் இறங்கினார். தெருவே கூடி நின்றது. பட்டறைக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "டிரம்மைத் தொறந்து பாருங்க சார், ஒரு துண்டு வெளிய போகல சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இன்ஜினியர் கேட்கவில்லை. திங்கட்கிழமை விசாரணை, அன்றே இணைப்பு துண்டிப்பு என்று சொல்லிவிட்டார்.

அத்தான் ஏறினார், கூட்டை எடுத்தார், இறங்கினார். கோணியின் வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். கொட்டவில்லை. எண்ணவில்லை. "பட்டறைக் கம்பிதானே?" என்று இன்ஜினியர் கேட்டதற்கு, "கம்பிதான் சார்" என்று மட்டும் சொன்னாராம். கூட இருந்தவர்கள் வந்து என்னிடம் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. எண்ணாத அத்தானை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தால், அத்தான் பின்புறத்தில் துவைக்கிற கல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கல் மேல் ஏழெட்டுத் துண்டு துருப்பிடித்த கம்பிதான் மிச்சம். தகடு கட்டியது ஒன்றுகூட இல்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அதா? நாளுக்கு நாள் குப்பை குறையுதேன்னு நான் சந்தோஷமால்ல இருந்தேன்! காண்ட்ராக்டர்தான் பொறுப்பா எடுத்துட்டுப் போயிட்டிருந்துச்சு."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று அத்தான் கத்தினார்.

"எதுன்னு சொல்றது? இந்த வீட்ல தினம் ஒண்ணு மரத்துக்குப் போகுது. என் கண்ணாடி போனப்ப நீங்க சிரிச்சீங்க."

அத்தான் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கல் மேல் வைத்தார். அலுமினியத் தகடு. அதில் 'த 7' என்று அவர் கையால் அடித்த எழுத்து. கோணியை அவிழ்த்தோம். உள்ளே த 3, த 11, த 12, த 19. மற்றவை வழியில் எங்கே விழுந்தனவோ. சும்மா கிடந்த கம்பியை மினுமினுக்கிற தகடு கட்டி அலங்காரம் செய்து, இந்தா எடுத்துக்கொள் என்று காக்காய்க்கு நீட்டியிருக்கிறார் மனிதர். அது மரத்தை விட்டுவிட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தாரோ அதே இடத்தில் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன், அவளும் அடக்கிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அத்தான் அசையாமல் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

"மேல இருந்தப்ப நான் மட்டும்தான் பாத்தேன்" என்றார் மெதுவாக. "வேற யாருக்கும் தெரியாது."

திங்கட்கிழமை விசாரணை. ஃபோர்மேன் பட்டியல் புதன்கிழமை வருகிறது. மூன்று பேருக்கும் அது தெரியும்.

"முதல் கூடு அவன் கம்பிதானே?" என்றார் அத்தான், எங்களிடம் சண்டைக்கு வருவதுபோல.

"இருக்கலாம் அத்தான். அதுக்குத்தான் எச்சரிக்கை குடுத்தாச்சே. அவரும் மூடி போட்டுட்டார். திங்கக்கிழமை லைனை வெட்டப் போறது ரெண்டாவது கூட்டுக்கு" என்றேன்.

"நீ என்ன அவனுக்கு வக்கீலா?"

"நான் யாருக்கும் வக்கீல் இல்ல. நீங்க சொன்னா அடிப்பேன். என்ன சொல்லணும்னு சொல்லுங்க, இப்பவே அடிச்சுத் தர்றேன்."

அவர் சாப்பிடாமலேயே போய்ப் படுத்துக்கொண்டார். சனிக்கிழமை நான் வாளியை மாற்றி எடுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி கீழே விழவே இல்லை. காண்ட்ராக்டரும் சம்சாரமும் சுவரில் உட்கார்ந்து கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. மத்தியானம் அக்கா மாடிக்கு ஏறிவந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு வருஷமா நான் வேண்டாத நாள் இல்லடி. இவர் கீழ நின்னு வேலை பாக்கணும், அவ்வளவுதான் நான் கேட்டது" என்றாள். என் போர்வையை மடித்துக்கொண்டே, "ஆனா அந்த ஆறு பேரை நெனச்சா சோறு எறங்கல" என்றாள். "அவர்கிட்ட சொன்னியா?" என்றேன். "சொல்ல மாட்டேன். நான் சொல்லிச் செஞ்சார்னு இருக்கக் கூடாது" என்று எழுந்து போனாள். என் அக்காவை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு இன்ஜினியர் அறையில் விசாரணை. குறிப்புகளைத் தட்டச்சு செய்ய நான் போயிருந்தேன். பட்டறைக்காரர் தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெரிய உடம்பை நாற்காலி நுனியில் வைத்திருந்தார். அத்தான் பக்கம் திரும்பவே இல்லை. அத்தான் சுவரோரம் நின்றார்.

இன்ஜினியர் ஃபைலைத் திறந்தார். "ரெண்டு தடவை ஆயிடுச்சு. இனி பேச ஒண்ணும் இல்ல. லைன்மேன் அறிக்கை தெளிவா இருக்கு. இணைப்பை வெட்டிட வேண்டியதுதான்" என்று பேனாவை எடுத்தார். பட்டறைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"சார்" என்றார் அத்தான்.

இரண்டடி முன்னால் வந்து, பையிலிருந்து தகடுகளை எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். இந்தத் தடவை சத்தம் போட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ரெண்டாவது கூட்டுல இருந்துச்சு சார். நான் அடிச்ச தகடு. முதல் கூட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிருந்தேன். எங்க வீட்டுக் காக்கா எடுத்துட்டுப் போய்க் கட்டியிருக்கு. பட்டறைக்கு இதுல சம்பந்தம் இல்ல. மேல ஏறினப்பவே பாத்துட்டேன். கீழ வந்து சொல்லாதது என் தப்பு."

இன்ஜினியர் ஒரு தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "த ன்னா என்ன?"

"தடயம் சார்."

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. சமாளித்துக்கொண்டு நிமிர்ந்து, கண்டிப்பான குரலை வரவழைத்து, "எழுதிக் குடுங்க" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். "அடி, சின்னவளே" என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மேற்படி கூடானது, எனது வீட்டின் பின்புறத்தில், எனது பொறுப்பில் இருந்த கம்பிகளைக் கொண்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். இருபது வருஷமாக அவர் சொல்லுகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறேன். அன்று ஒன்றும் வரவில்லை. கடைசியில், "மேற்படி தவறுக்கு நானே முழு முதற்காரணம்" என்றார். அடித்தேன். முழுவையும் முதலையும் இரண்டையும் அடித்தேன்.

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. ஆனால் இன்ஜினியர் பட்டறைக்காரரிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். "முதல் எச்சரிக்கை அப்படியேதான் இருக்கு. உங்க கம்பியில இன்னொரு கூடு வந்துச்சுன்னா யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்." பட்டறைக்காரர் தலையாட்டினார். வெளியே போகும்போது அத்தானுக்கு அருகில் ஒரு நொடி நின்றார். என்னவோ சொல்ல வந்தார். அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் போய்விட்டார்.

புதன்கிழமை பட்டியல் வந்தது. அத்தானுக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவர் ஃபோர்மேன் ஆனார். அத்தானுக்குக் கண்டித்து ஒரு மெமோ வந்தது. அதையும் ஒரு உறையில் போட்டு எண் எழுதி வைத்துக்கொண்டார். அக்கா, "போனாப் போகுது, கீழ நின்னு அதட்டினா உங்களுக்குத் தொண்டை கட்டிக்கும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆபீசில் கொஞ்ச நாள் அவரைக் கண்டாலே எல்லாரும் "தடயம் வந்தாச்சு" என்றார்கள். டீ கிளாசில் யாரோ தகடு கட்டிவைத்திருந்தார்கள். அத்தான் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டை சரியா விழல" என்று திருப்பிக் கொடுத்தாராம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கம்பம் ஏறினார். நான்கு நாளில் ரொட்டியும் பழையபடி கீழே விழ ஆரம்பித்தது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்தது.

"பட்டறையிலேர்ந்து பேசறேம்மா."

"சொல்லுங்க. கரண்ட் இல்லையா?"

"இருக்கு இருக்கு. டிரான்ஸ்பார்மர் மேல கூடு கட்ட ஆரம்பிச்சிருக்கு. பாதிதான் ஆயிருக்கு. வெடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டா நல்லதுன்னு சொல்றேன்."

"நல்லவேளை சொன்னீங்க. எழுதிக்கிட்டேன். அனுப்பறேன்."

அவர் வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்டது.

"இன்னொண்ணும் எழுதிக்கம்மா. கம்பி என்னுதுதான். நேத்து டிரம்மைத் தாழ்ப்பாள் போடாம சாப்பிடப் போயிட்டேன். வந்து பாக்கறேன், என் கம்பியத்தான் தூக்கிட்டுப் போகுது. லைன்மேன் ஏறிப் பாத்துக் கண்டுபிடிக்கட்டும்னு விட எனக்கு மனசு வரல. நானே சொன்னேன்னு எழுதிக்க."

"இதை எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்மா. எழுதிக்க."

நான் எழுதினேன். புகார்ப் புத்தகத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில், "பட்டறைக் கம்பி என்று புகார் கொடுத்தவரே ஒப்புக்கொண்டார்" என்று எழுதி, புத்தகத்தை மூடாமல் அத்தானுக்கு ஆள் அனுப்பினேன். சாயங்காலம் அந்தப் புத்தகம் இன்ஜினியர் மேசைக்குப் போகும்.

அத்தான் வந்தார். கம்பம் ஏறுகிற பெல்ட்டை மாட்டிக்கொண்டே புத்தகத்தைத் தம் பக்கம் திருப்பினார். அந்த வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அவனே சொன்னானா?"

"அவரேதான் சொன்னார்."

"நீ கேட்டியா?"

"இல்ல அத்தான். நான் எழுதிக்கிட்டேன்னு சொன்னப்புறமும் போனை வைக்காம இருந்து சொன்னார்."

அத்தான் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். அப்புறம் என் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அடிச்சிடு."

"அத்தான்?"

"காக்கா கூடுன்னு மட்டும் எழுது, போதும்."

நான் அந்த வரியை அடித்துவிட்டுக் காக்காய்க் கூடு என்று எழுதினேன். அடித்த இடத்தின் ஓரத்தில் அத்தான் தம்முடைய கோணல் கையெழுத்தைப் போட்டார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார்.